டைனோசர் பாதி, ரோபோ பாதி: ஸ்மாஷ் அப் ஆடிப் பார்க்கலாம் வாங்க

புதுசா ஒரு போர்டு கேம் பெட்டியைத் திறந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் ரூல் புக்கைச் சத்தமா படிப்பார். ரெண்டாவது பக்கத்துலயே மத்த மூணு பேரும் ஃபோனைக் கையில எடுத்திருப்பாங்க. எங்க ஹாஸ்டல் ரூம்ல ரெண்டு கேம் இப்படித்தான் ஆடாமலேயே பெட்டிக்குள்ள திரும்பப் போச்சு. மூணாவதா வந்தது 'ஸ்மாஷ் அப்'. அதுக்கு மட்டும் அந்தக் கதி வரல. காரணம், அதோட ரூல்ஸை டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம்.

முதல்ல கொஞ்சம் விவரம். பால் பீட்டர்சன் வடிவமைச்ச இந்த கேமை அமெரிக்காவுல இருக்கிற ஏ.இ.ஜி. நிறுவனம் 2012-ல வெளியிட்டுச்சு. 1998-ல வந்த 'கில்லட்டீன்'ங்கிற சீட்டு விளையாட்டும் அவரோடதுதான். ஸ்மாஷ் அப் பெட்டிக்குள்ள எட்டு கூட்டம் இருக்கு: ஏலியன், டைனோசர், நிஞ்சா, கடற்கொள்ளைக்காரன், ரோபோ, குறும்புக் குட்டிச்சாத்தான், மந்திரவாதி, ஜோம்பி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 20 கார்டு. நீங்க ரெண்டு கூட்டத்தை எடுத்து ஒண்ணாக் கலைச்சா 40 கார்டுல உங்க கட்டு ரெடி. மேஜிக் மாதிரி கேம்ல கட்டு தயார் பண்ணவே ஒரு வாரம் உட்காரணும். இங்க அரை நிமிஷ வேலை.

எட்டுல ரெண்டுன்னா 28 ஜோடி. 2013-ல வந்த முதல் துணைப்பெட்டியில பேய், கரடிப்படை, கொலைகாரச் செடி, ஸ்டீம்பங்க்னு இன்னும் நாலு கூட்டம். அதையும் சேர்த்தா 66. பிளஸ் டூ காம்பினேஷன் சாப்டர் எங்கேயாவது உதவும்னு நான் நினைச்சதே இல்ல.

இப்போ ஆட்டம். நடுவுல 'பேஸ்' கார்டுகள் இருக்கும், ஆடுறவங்க எண்ணிக்கையை விட ஒண்ணு அதிகமா. மூணு பேர்னா நாலு பேஸ். ஒவ்வொரு பேஸ்லயும் ஒரு பெரிய நம்பர் இருக்கும், அதுதான் பிரேக்பாயின்ட். கூடவே மூணு சின்ன நம்பர். அவை முதல், ரெண்டாவது, மூணாவது இடத்துக்கு வர்றவங்களுக்குக் கிடைக்கிற பாயின்ட். எல்லாரும் கையில அஞ்சு கார்டோட தொடங்குறீங்க. உங்க டர்ன்ல ஒரு மினியனை, அதாவது உங்க ஆளை, ஏதாவது ஒரு பேஸ்ல இறக்கலாம். ஒரு ஆக்‌ஷன் கார்டும் ஆடலாம். ஒரு பேஸ்ல இருக்கிற எல்லாரோட ஆளுங்க பவரையும் கூட்டினா பிரேக்பாயின்டைத் தொட்டோ தாண்டியோ இருக்கா? அப்போ அந்த பேஸ் உடையும். அங்க யாருக்கு எவ்வளவு பவர்னு பார்த்துப் பாயின்ட் பிரிச்சுக்கணும். அங்க இருந்த ஆளுங்க எல்லாம் கழிச்ச குவியலுக்குப் போயிடுவாங்க, புது பேஸ் வரும். கடைசியில ரெண்டு கார்டு எடுத்துக்கிட்டா உங்க டர்ன் முடிஞ்சது. கையில பத்துக்கு மேல இருக்கக் கூடாது. முதல்ல 15 பாயின்ட் எடுக்கிறவர் ஜெயிச்சார்.

ரூல்ஸ் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கார்டுலயே எழுதியிருக்கும், அதை அப்பப்போ படிச்சுக்கிட்டாப் போதும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? பேஸை உடைக்கிறவருக்குத் தனியா எந்தப் பரிசும் கிடையாது. யார் உடைச்சாலும், உடையுற நேரத்துல அங்க யாருக்குப் பவர் அதிகம்ங்கிறதுதான் கணக்கு. இது புரிய எனக்கு மூணு ஆட்டம் ஆச்சு. மூணாவது ஆட்டத்துல நடந்ததைச் சொல்றேன்.

என் கட்டு டைனோசர் பிளஸ் ரோபோ. சுத்தமான பவர்னு பெருமையா எடுத்தேன். டார் பிட்ஸ்னு ஒரு பேஸ். பிரேக்பாயின்ட் 16, பாயின்ட் 4-3-2. அங்க என்னோட கிங் ரெக்ஸ் நிக்குது, பவர் 7. அதுல வேற எந்த வித்தையும் இல்ல, வெறும் உடம்புதான். கடற்கொள்ளைக்காரனை எடுத்த என் ரூம்மேட்டுக்கு 6. மூணாவதா ஆடின ஜூனியருக்கு 2 பவர்ல ஒரே ஒரு ஆள். மொத்தம் 15. என் டர்ன் வந்துச்சு, ஒரு வார் ராப்டரை இறக்கினேன். அதுக்குத் தனியா நின்னா பவர் 3. மொத்தம் 18, பேஸ் உடைஞ்சது. எனக்கு 10, அவனுக்கு 6. நான் நாலு பாயின்டுக்குக் கையை நீட்டிட்டேன்.

"இரு மச்சி"ன்னான். வேற பேஸ்ல நின்ன பைரேட் கிங்கைத் தூக்கி இங்க வெச்சான். எந்த பேஸ் எண்ணுறதுக்கு முன்னாடியும் அந்த ஆள் அங்க நகர்ந்து வரலாம், பவர் 5. அவனுக்கு 11 ஆச்சு, எனக்கு 10. நாலு பாயின்ட் அவனுக்கு, மூணு எனக்கு. ஒரே ஒரு சின்ன ஆளை வெச்சுட்டு சிவனேன்னு உட்கார்ந்திருந்த ஜூனியருக்கும் ரெண்டு. அதோட என் கிங் ரெக்ஸ் குவியலுக்குப் போயிடுச்சு. அவனோட ஃபர்ஸ்ட் மேட்டோ குவியலுக்குப் போகாம பக்கத்து பேஸுக்கு நடந்து போயிட்டான், அந்த வசதியும் அந்தக் கார்டுல இருக்கு.

வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த நேரம் என் கையில 'ஆக்மென்டேஷன்'னு ஒரு ஆக்‌ஷன் இருந்தது. டர்ன் முடியுற வரைக்கும் ஒரு ஆளுக்கு +4. அதான் உடையப் போகுதே, எதுக்கு வீணாக்கணும்னு பத்திரமா வெச்சிருந்தேன். ஆடியிருந்தா 14. பைரேட் கிங் என்ன, அவங்க அப்பனே வந்திருந்தாலும் நாலு எனக்குத்தான். பிரேக்பாயின்டைத் தாண்ட எவ்வளவு வேணும்னு மட்டும் கணக்குப் போட்டேன். எதிராளி கையிலயும் பக்கத்து பேஸ்லயும் என்ன இருக்கலாம்னு போடல.

கூட்டம் சேர்க்கிறதுலயும் இதே தப்பு இருந்தது. என் ரெண்டு கூட்டமும் எல்லாத்தையும் மேஜை மேல பரப்பி வெச்சு ஆடுற வகை. பேஸ் உடையுற நொடியில உள்ள புகுந்து கெடுக்கிற கார்டு என் கட்டுல ஒண்ணுகூட இல்ல. நிஞ்சாகிட்ட அது இருக்கு. எண்ணுறதுக்கு முன்னாடி ஷினோபியைக் கையிலிருந்தே இறக்கலாம். அதனால ரெண்டு பலசாலியைச் சேர்க்கிறதை விட, ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு அடைக்குதான்னு பாருங்க. ரோபோ ஒரே டர்ன்ல குட்டி ஆளுங்களை வரிசையா இறக்கும். ஆனா டர்னுக்கு ரெண்டு கார்டுதானே வருது, கை சீக்கிரம் காலியாகும். ஜோம்பியோட சேர்த்தா, கழிச்ச குவியலே உங்களுக்கு இன்னொரு கை. டைனோசர் பிளஸ் ஜோம்பியும் அட்டகாசம். ஜோம்பியோட 'தே கீப் கமிங்' கார்டு குவியலிலிருந்து ஒரு ஆளை எக்ஸ்ட்ராவா இறக்கும். செத்துப்போன கிங் ரெக்ஸ் எழுந்து வர்றப்போ எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கணுமே!

வார் ராப்டர் பத்தித் தனியா ஒரு பாரா எழுதாம இருக்க முடியல. அதோட அடிப்படை பவர் 2. அதே பேஸ்ல இருக்கிற ஒவ்வொரு ராப்டருக்கும், தன்னையும் சேர்த்து, +1. ஆக ஒண்ணு இருந்தா 3, ரெண்டு இருந்தா 8, மூணுன்னா 15, நாலுன்னா 24. n இன்டு n பிளஸ் 2. கட்டுல மொத்தமே நாலு ராப்டர்தான், நாலையும் ஒரே இடத்துல சேர்க்க ஆசை வரும். ஏலியன் ஆடுறவர் எதிர்ல இருந்தா வேண்டாம். ஒரு ராப்டரை உங்க கைக்கே திருப்பி அனுப்பிட்டார்னா 24 நேரா 15-க்கு இறங்கும். ஒரே கார்டுல ஒன்பது போச்சு.

எல்லா பேஸும் ஒரே மாதிரி இல்ல. ஜங்கிள் ஓயசிஸுக்கு 12 போதும், ஆனா 2-0-0, முதல் ஆளுக்கு மட்டும்தான். நிஞ்சா டோஜோவுல 2-3-2. ஆமா, ரெண்டாவது வர்றவருக்குத்தான் அதிகம். அங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முதல் இடத்துக்குத் தள்ளி விடுற கூத்து தனி.

குறையும் சொல்லணும். ஒவ்வொரு டர்னும் எல்லா பேஸையும் கூட்டிக்கிட்டே இருக்கணும், பாதி ஆட்டத்துல இது கடுப்பாகும். நாங்க ஒரு ரஃப் நோட்ல எழுதி வெச்சுக்கிறோம். கடைசியில ஜெயிக்க வாய்ப்பில்லாத ஒருத்தர், மத்த ரெண்டு பேர்ல யார் ஜெயிக்கணும்னு முடிவு பண்ற நிலைமை வரும், அது சண்டையில முடியும். ரெண்டு பேர் மட்டும் ஆடினா அவ்வளவு சுகமில்ல. மூணு பேர்தான் சரியான அளவுன்னு எனக்குத் தோணுது. பெட்டியில 45 நிமிஷம்னு போட்டிருக்கும். முதல் ஆட்டத்துக்கு அதை நம்பாதீங்க.

நாலு பேர் ஆடினா எட்டு கூட்டமும் காலியாகும். கூட்டம் எடுக்கிற வரிசை முதல் ஆள்லருந்து கடைசி ஆள் வரைக்கும் போய், கடைசி ஆள்லருந்து திரும்பி வரும். அதாவது முதல்ல எடுத்தவருக்கு ரெண்டாவது கூட்டம் மிச்சம் மீதிதான், கடைசி ஆள் ரெண்டையும் சேர்த்து எடுப்பார். ஜோடிதான் முக்கியம்னு புரிஞ்சதுலருந்து எங்க ரூம்ல கடைசி இடத்துக்குத்தான் அடிதடி.

ஆடி முடிச்சதும் கார்டை இருபது இருபதா பிரிச்சு எண்ணி வெச்சுட்டுத் தூங்குங்க. போன செமஸ்டர் எங்க ரோபோ கூட்டத்துல ஒரு ஜாப்பாட்டைக் காணோம்னு கட்டிலைப் புரட்டித் தேடினோம். ரெண்டு வாரம் கழிச்சு, லேப் ரெக்கார்டைக் கையெழுத்துக்குக் கொடுத்தப்போ மேடம் அதுக்குள்ளருந்து எடுத்துக் கொடுத்தாங்க. எந்தப் பக்கம்னு அடையாளம் வைக்க நான்தான் சொருகியிருந்தேன்.