கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்



தேரோட்டத்தின்போது தேரை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் வண்ணச் சீலைகள் கட்டியிருப்பார்கள். தூண்போல உருண்டையாகச் சில துணிகள் தொங்கும். அவற்றுக்குத் தொம்பை என்று பெயர். நாம் சாமியைப் பார்ப்போம், தேரைப் பார்ப்போம். அந்தத் துணியில் படம் எழுதியவர் யார் என்று மட்டும் கேட்கமாட்டோம். இன்றைக்கு அவரைப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

கும்பகோணம் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டை என்று ஓர் ஊர். அங்கேயும் அரியலூர் மாவட்டத்துக் கருப்பூர்ப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகத் துணியில் ஓவியம் எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. தேர்ச்சீலை, தொம்பை, கோயில் குடை, மேலே விதானமாகக் கட்டும் துணி எல்லாம் அவர்கள் கைவேலை. இதற்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழைய முறையில் வேலை செய்யும் ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவர் கோலைத் தொட்டு எடுப்பது வெளிறிய பழுப்புத் தண்ணீர். துணியில் கோடு இழுக்கிறார். கோடு மெல்ல மெல்லக் கறுக்கிறது! தண்ணீரில் இல்லாத கறுப்பு துணிக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் துணியைக் கவனியுங்கள். அதைக் கடுக்காய் ஊறிய நீரில் நனைத்துக் காயவைத்திருக்கிறார். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுக்கும் அல்லவா? அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். இப்போது அது நூலிழைகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நனைக்கும் நீரில் பால் சேர்ப்பதும் உண்டு. பாலின் கொழுப்பும் புரதமும் இழையில் படிந்துகொள்வதால் கோடு கசிந்து பரவாது.

அடுத்து, அந்தப் பழுப்புத் தண்ணீர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் வெல்லத்தைத் தின்று புளிக்கவைக்கும். புளித்த நீரில் அமிலம் உண்டாகும். அமிலம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இரும்பு நீர் தயார்!

இரும்பும் டானினும் துணியில் சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, கரிய நிறமுள்ள புதிய பொருள் பிறக்கிறது. அது நீரில் கரையாது. இழைக்குள்ளேயே பிறந்துவிட்டதால், துவைத்தாலும் எளிதில் வெளியே வராது. ஆனால் இரும்பும் அமிலமும் மிஞ்சிவிட்டால் காலப்போக்கில் துணியையே அரித்துவிடும். அளவு தெரிந்து கலக்குவதில்தான் ஓவியரின் அனுபவம் இருக்கிறது.

சிவப்புக்கு வேறு வழி. படிகார நீரால் வரைந்துவிட்டு, சாயவேர் போட்ட நீரில் துணியைக் கொதிக்கவிடுவார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் துணியையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்வதுபோல இரண்டையும் இணைக்கிறது. அது பட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் அலசும்போதும் வெயிலில் காயும்போதும் வெளிறிப் போகும்.

அவர் கோலையும் பாருங்கள். சீவிய மூங்கில் குச்சி, அதன்மேல் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதும் இப்படித்தான். மெல்ல அழுத்தினால் சாயம் நுனிக்கு இறங்கும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த நாலைந்து ஆணிகளைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, வெந்நீரில் கரைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துக் காயவையுங்கள். பிறகு குச்சியை ஆணி நீரில் தொட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத்து கறுப்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு நீரையும் வாயில் வைக்கக் கூடாது. முடித்ததும் கை கழுவுங்கள்.

சிக்கல்நாயக்கன்பேட்டை தூரம் என்றால் கவலை வேண்டாம். மண்பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர், கோபுரச் சிற்பத்துக்கு வர்ணம் பூசுபவர், கடைப்பலகை எழுதுபவர் என்று உங்கள் ஊரிலும் யாராவது இருப்பார்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் போய் வணக்கம் சொல்லுங்கள். இந்த வண்ணம் எதிலிருந்து வருகிறது? எதைச் சேர்த்தால் ஒட்டுகிறது? மழையும் வெயிலும் பட்டால் என்ன ஆகும்? பழைய சாயம் போய் ரசாயனச் சாயம் வந்தபோது வேலை எப்படி மாறியது? இவற்றைக் கேளுங்கள்.

அவர் சொல்வதை உங்கள் அறிவியல் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் என்று போட்டு, அவர் பெயரையும் எழுதுங்கள். அடுத்த தேரோட்டத்தில் தொம்பை அசையும்போது, இரும்பும் கடுக்காயும் சேர்ந்து போட்ட கறுப்புக் கோடு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.