தண்ணீர் புகுந்த வழி

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளாக நீண்ட இந்தத் தடை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வந்தது. காசிமேட்டிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் அதுவே படகுகளின் பராமரிப்புக் காலமாகவும் ஆகிவிட்டது. தச்சர், வெல்டர், பெயிண்டர், எஞ்சின் மெக்கானிக் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதம் ஓய்வில்லை.

நாட்டுப்படகுகளுக்கும் சிறிய ஃபைபர் படகுகளுக்கும் இந்தத் தடை கிடையாது. ஆகவே அவற்றுக்கென்று ஒரு பழுதுபார்க்கும் பருவமும் கிடையாது. ஓடும்வரை ஓடும், நின்றால்தான் மேடேறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கட்டுமரங்கள் நின்ற கரைகளில் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவற்றில் இன்னும் கடலுக்குப் போகிறவற்றுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. உடைத்துப் போடலாம் என்றால், ஃபைபர் பழைய இரும்பு போல உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய பொருளல்ல. ஒருமுறை இறுகிய ரெசின் இறுகியதுதான். அது கரையில் கிடந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்கும். புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்பதே என் கட்சி. அந்த வேலையில் பெரும்பகுதியைப் படகுக்காரரே செய்துகொள்ள முடியும் என்பதும்தான்.

பலரும் எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய டீசல் படகில் கெட்டுப்போனது எதுவாக இருந்தாலும், தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போனதுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். ஃபைபருக்குள், அதனுள் பதித்த மரத்துக்குள், டீசல் டேங்குக்குள், எஞ்சின் ஆயிலுக்குள். அது புகுந்த வழியை அடைக்காமல் செய்கிற ரிப்பேர் அடுத்த மழைவரைகூடத் தாங்காது.

உடம்பிலிருந்து தொடங்குவோம். படகைக் கவிழ்த்துப் போட்டு, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல ஃபைபர் கணீரென்று பேசும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும்.

மேல்பூச்சான ஜெல்கோட்டில் அம்மைக் கொப்புளங்கள் மாதிரி புடைத்திருக்கும் இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றை ஆணியால் குத்தினால் பிசுபிசுப்பான நீர் பீய்ச்சிக்கொண்டு வரும், காடிவாடை அடிக்கும். நடந்தது சவ்வூடு பரவல். பார்வைக்கு நீர் புகாததாகத் தெரிந்தாலும், ஜெல்கோட் வழியாக நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். உள்ளே ரெசின் செய்தபோது மிச்சப்பட்ட, நீரில் கரையும் வேதிப்பொருட்களைக் கரைத்து அது அடர்கரைசலாகிறது. அந்தக் கரைசலின் பெரிய மூலக்கூறுகளால் வெளியே வர முடியாது. வெளியிலுள்ள நீரால் உள்ளே போக முடியும். அழுத்தம் ஏறி, கொப்புளம் புடைக்கிறது. உப்பு குறைந்த நீர்தான் இப்படி வேகமாக ஊடுருவும். ஆகவே கடல்நீரைவிட மழைநீர் இங்கே பெரிய எதிரி. தினமும் மணலில் ஏறிக் காயும் படகுக்கு இந்த நோய் குறைவு. துறைமுகத்தில் கட்டியே கிடக்கும் படகுக்கும், அடிப்பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்க விட்ட படகுக்கும் அதிகம்.

கொப்புளங்களை உடைத்துவிட்டு அன்றைக்கே பூசி மூடுவது வீண்வேலை. உடைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முழம் பாலித்தீன் தாளை ஓரமெல்லாம் டேப் போட்டு உடம்பில் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உடைந்த இடத்தை அடைக்கும்போது நடக்கும் பொதுவான தவறு, ஓட்டையின் அளவுக்கே ஒட்டுப்போடுவது. உடம்பின் தடிமன் 8 மில்லிமீட்டர் என்றால், ஓட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் அதைப் போல 12 மடங்கு, அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தூரம் சரிவாகத் தேய்க்க வேண்டும். பட்டறையில் மேட் என்று சொல்லும் கண்ணாடியிழைப் பாயை அந்தச் சரிவில் அடுக்கடுக்காகப் பரப்பினால், பழைய ஃபைபரும் புதியதும் அகன்ற பரப்பில் பிடித்துக்கொள்ளும். சுமை ஒரே கோட்டில் விழாது. ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். நின்றுபோன குமிழி நாளைய கொப்புளத்தின் வீடு.

ரெசின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்க ஹார்டனர், கோபால்ட் என்று இரண்டு திரவங்கள். கோபால்ட்டை முதலில் ரெசினோடு நன்றாகக் கலந்துவிட்டு, வேலை தொடங்கும்போது மட்டும் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. நம்மூர் உச்சிவெயிலில் கலவை டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். காலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ நிழலில், சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யலாம். ஃபைபர் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, வடிகட்டி வைத்த முகக்கவசமே வேண்டும்.

எஞ்சின் உட்காரும் மேடையிலும் பின்பலகையிலும் ஃபைபருக்குள் மரம் பதித்திருப்பார்கள். ஒரு போல்ட் துளை சரியாக அடைக்கப்படாமல் இருந்தாலே அதன் வழியே நீர் இறங்கி மரம் உள்ளுக்குள் மக்கிவிடும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மரத்தை மக்கச்செய்யும் பூஞ்சைக்கும் உப்பு பிடிக்காது, மழைநீர்தான் வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. சந்தேகம் வந்தால் மெல்லிய டிரில்லால் ஒரு துளை போட்டு, வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் மரம் நலம். கறுத்து ஈரமாக வந்தால், அந்த மேடையின் மேல் எவ்வளவு நல்ல எஞ்சினை வைத்தாலும் அது ஆடும். ஆடினால் ஷாஃப்ட் தேயும்.

உலோகங்களுக்கு வரும்போது 200 ஆண்டு பழைய ஒரு பரிசோதனையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடியில் செப்புத்தகடு அடித்து வந்தது. அது கடல்நீரில் அரித்துக்கொண்டே போனது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால் அந்தத் துண்டு கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உதவியவர் மைக்கேல் ஃபாரடே. கப்பல்களில் பொருத்தினார்கள், செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பலடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்தது. கொட்டலசு பார்க்கச் சிப்பி போலிருந்தாலும் நண்டு, இறால் வம்சத்தைச் சேர்ந்த உயிரி. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சை விடுவதால்தான் அது அண்டாமல் இருந்தது. கரைவதை நிறுத்தியதும் காவல் போய்விட்டது. டேவியின் திட்டம் கைவிடப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த தோல்விகளில் அது ஒன்று, ஏனென்றால் அதன் இரண்டு பாதிகளும் இன்றும் நம் படகுகளில் இருக்கின்றன. புரொப்பல்லரையும் ஷாஃப்டையும் காக்கும் துத்தநாகக் கட்டி ஒரு பாதி. அடியில் பூசும் செப்பு ஆக்சைடு பெயிண்ட் மறுபாதி.

துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது கரையாது, கரையாவிட்டால் காக்காது. பித்தளை வால்வுகளைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தால், துத்தநாகம் கடலோடு போய் செம்பின் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது என்று பொருள். ஒரு தட்டில் உடையும். கடல்நீர் படும் இடத்தில் வெண்கலம்தான் உழைக்கும். பழைய அடிப்பெயிண்டைச் சுரண்டும்போது ஈரம் வைத்தே சுரண்டுங்கள். வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டுகளைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய படகின் அடியடுக்கில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இனி எஞ்சின். பழைய டீசல் எஞ்சினைப் போல மனிதனோடு ஒத்துழைக்கும் இயந்திரம் குறைவு. ஸ்பார்க் பிளக் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் நாசில் வழியாகப் பனிப்புகை போல டீசலைத் தெளித்தால் தானே பற்றுகிறது. சுத்தமான காற்று, சுத்தமான டீசல், கசியாத அழுத்தம். ஓட மறுக்கும் எஞ்சினில் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது.

எது குறைகிறது என்பதைப் புகையே சொல்லும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். ஏர் ஃபில்டரைப் பார்ப்பதோடு புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கிறதா, அடியில் கொட்டலசு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப்புகை எரியாத டீசலாகவும் இருக்கலாம், நீராவியாகவும் இருக்கலாம். தூத்துக்குடிப் பட்டறை ஒன்றில் இளைஞர் ஒருவர், “அண்ணாச்சி, புகை வெள்ளையா வருது, நாசில கழத்தட்டுமா?” என்று கேட்க, மூத்த மெக்கானிக் தலையைத் தூக்காமலே, “நாசில் கெடக்கட்டும்ல, மொதல்ல டிப்ஸ்டிக்க உருவிப் பாரு” என்றார். ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டுவது பேரிங்குகளைக் கொல்வதற்குச் சமம்.

அந்தத் தண்ணீர் ஹெட் கேஸ்கெட் வழியாக வரலாம். சைலன்சர் குழாய் வழியாகக் கடல்நீரே பின்னோக்கி ஏறிவரவும் கூடும். சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் ஸ்டார்ட் செய்தால், நீரை நெருக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சந்தேகம் இருந்தால் நாசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு. படகு மூழ்கி எடுத்த எஞ்சின் என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காற்றுப்பட்டதும் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். உடனே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, நீரை வடித்து, சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் ஊற்றிச் சுற்றிவிட வேண்டும். அன்றைக்கே பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் ஆயில் நிரப்பியே வைக்கலாம்.

டீசல் டேங்கில் தண்ணீர் சேர்வது மெதுவான நஞ்சு. பாதி காலியான டேங்கின் சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கும். டீசலும் நீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்றொரு பூஞ்சை குடியேறும். டீசல்தான் அதற்குச் சாப்பாடு. கறுத்த, வழவழப்பான சவ்வாக வளர்ந்து, அலையில் டேங்க் குலுங்கும்போது பிய்த்துக்கொண்டு ஃபில்டரை அடைத்துவிடும். கரையில் நன்றாக ஓடிய எஞ்சின் நடுக்கடலில், அதுவும் கடல் கொந்தளிக்கும் நாளில் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டேங்கின் அடித்திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் டேங்கை முழுதாகக் கழுவ வேண்டியதுதான். மறுபடி ஈரம் சேராமலிருக்க, கரையில் கட்டும்போது டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

ஃபில்டர் மாற்றியபின் லைனில் காற்று நிற்கும். ஃபில்டரின் மேல்திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் முறுக்க வேண்டும். பிறகு பம்பில், கடைசியாக நாசில் நட்டுகளில். நாசில் தெளிப்பதைச் சோதிக்கும்போது மட்டும் கையை அதன் முன்னால் கொண்டுபோகக் கூடாது. பழைய நாசிலும் சுமார் 200 பார் அழுத்தத்தில் தெளிக்கிறது; கார் டயரின் அழுத்தம் 2 பார்தான். அந்தத் தெளிப்பு தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரலாம். உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விபத்து அது.

கடல்நீரால் குளிரும் எஞ்சினில் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி, அதன் இதழ்களை விரலால் மடக்கிப் பாருங்கள். வேரில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடலாம். இதழ் ஒன்று குறைந்திருந்தால், அது உள்ளே குழாயில்தான் எங்கோ சிக்கியிருக்கும். தேடி எடுக்காமல் விட்டால் எஞ்சின் மறுபடி சூடாகும். சூடேறும் கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து கரையாமல் படியத் தொடங்கும் என்பதால், நேரடியாகக் கடல்நீர் ஓடும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு அருகில் வைத்திருப்பார்கள். லாரி எஞ்சினின் தெர்மோஸ்டாட்டை இதில் மாட்டினால் சில மாதங்களில் உள்ளே பாறை வளரும்.

எல்லாம் பூட்டியபின் ஷாஃப்ட் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதைப் படகு தண்ணீரில் இறங்கியபிறகே முடிவுசெய்ய வேண்டும். மணலில் கிடக்கும்போது இருக்கும் வடிவம் மிதக்கும்போது இருக்காது. கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே நாலு பக்கமும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை எஞ்சின் கால்களைத் திருத்தலாம். ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்டில் கயிறு மாற்றியவர்கள் ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது என்று முறுக்கிவிடுவார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழத்தான் வேண்டும். அந்த நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. முறையாகப் படகுக்குள் சொட்டும் தண்ணீர் இது ஒன்றுதான்.

கடைசியில் வெள்ளோட்டம். வழக்கமான சுமையோடு முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் தனக்கு விதித்த சுற்றை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் கரும்புகை கக்கினால் புரொப்பல்லர் பெரிது. அந்த இடத்தில்தான் பெரிய எஞ்சின் வாங்கிவிடலாமா என்ற ஆசை வரும். சுமையேறிய படகின் வேகத்தை 10 சதவீதம் கூட்ட, குறைந்தது 33 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். வேகத்தின் மும்மடிக்கேற்பத் திறன் ஏறுகிறது. நீர்க்கோட்டில் 25 அடி நீளமுள்ள கனமான படகு சுமார் 6.7 நாட் வேகத்தை நெருங்கும்போது தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயன்றபடி டீசலைக் குடிக்கும். கூடுதல் குதிரைத்திறனுக்குப் போகும் பணத்தில் பம்பையும் நாசில்களையும் பெஞ்சில் வைத்துச் சரிபார்த்து, படகுக்குப் பொருந்தும் பிட்ச்சில் ஒரு வெண்கலப் புரொப்பல்லரும் வாங்கிக்கொள்ளலாம்.