10-ம் வகுப்பு பெயிலா? மனம் தளர வேண்டாம்... ஐ.டி.ஐ. கதவு திறந்தே இருக்கு!

அம்பத்தூர்,

காலை 8 மணிக்கு பட்டரவாக்கம் ரெயில் நிலையத்தில் இறங்கி எஸ்டேட் பக்கம் நடந்து பாருங்கள். கம்பெனி கேட்டுகளில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். பிட்டர், டர்னர், வெல்டர், சி.என்.சி. ஆபரேட்டர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'ஐ.டி.ஐ. படித்தவர்கள் மட்டும்' என்று போட்டிருப்பார்கள்.

அந்த கேட் வழியாகத்தான் தினமும் நூற்றுக்கணக்கான பசங்க ஹெல்பராக உள்ளே போகிறார்கள். மிஷின் ஓட்டத் தெரிந்தாலும் கையில் பேப்பர் இல்லை. அதனால் 10 வருஷம் ஆனாலும் ஹெல்பர்தான்.

அந்த பேப்பரை வாங்குவது எப்படி? இது பற்றிய விவரம் வருமாறு:-

8-வது பாஸ் போதும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கப்பட்டது. இந்த தொழிற்பேட்டை இருக்கும் அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி பசங்களுக்கும் இது எட்டும் தூரம்தான்.

10-ம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் போன்ற 2 வருட பிரிவுகளில் சேரலாம். 10-வதில் பெயில் ஆனவர்களுக்கும் வழி இருக்கிறது. 8-வது பாஸ் என்றாலே வெல்டர், வயர்மேன் பிரிவுகள் படிக்கலாம். வெல்டர் 1 வருடம், வயர்மேன் 2 வருடம்.

ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. கல்யாணம் ஆகி, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிய அம்மாக்களும் தாராளமாக சேரலாம்.

பணம் எவ்வளவு ஆகும்?

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மாத உதவித்தொகை என்று அரசு சலுகைகளும் உண்டு. அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டங்களிலும் ஐ.டி.ஐ. சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான 'புதுமைப்பெண்' 2022-லும், ஆண்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-லும் தொடங்கப்பட்டன. சேரும்போதே இதெல்லாம் கேட்டு எழுதிக்கொடுத்து விடுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால் தனியார் ஐ.டி.ஐ.க்களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அதற்கும் கலந்தாய்வில் கலந்து கொள்ள வேண்டும்.

பாதியில் விட்டால் நஷ்டம்

பிரச்சினையே இங்கேதான். ஆறு மாதம் படித்து லேத் பிடிக்கப் பழகியதும், பக்கத்து பட்டறையில் தினக்கூலி தருகிறேன் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் கஷ்டம். பையனும் கிளம்பி விடுவான்.

ஆனால் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் என்.டி.சி. எனப்படும் தேசிய தொழிற்சான்றிதழ் வராது. அது இல்லாமல் படித்ததை எங்கே காட்டுவது? அன்றைக்கு கிடைத்த கூலி அந்த வாரமே செலவாகி விடும். சான்றிதழ் ஆயுசுக்கும் கூட வரும்.

சான்றிதழ் வாங்கிய பிறகு அப்ரண்டிஸ் போகலாம். 1961-ம் ஆண்டு சட்டப்படி கம்பெனிகள் இதற்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். ஆவடியில் ராணுவ டாங்கி தயாரிக்கும் எச்.வி.எப்., பெரம்பூரில் ரெயில் பெட்டி தயாரிக்கும் ஐ.சி.எப். இரண்டிலுமே அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். ஆனால் ஒன்று. ஐ.சி.எப். போன்ற இடங்களில் ஐ.டி.ஐ.யுடன் 10-வது பாஸும், மார்க்கும் பார்ப்பார்கள். அதனால் பெயிலான பாடத்தை துணைத்தேர்வில் எழுதி முடித்து விடுவது புத்திசாலித்தனம்.

மேலே படிக்கவும் வழி உண்டு. 10-வது முடித்து 2 வருட ஐ.டி.ஐ. படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம்.

'100 சதவீத வேலை' உஷார்!

ரோட்டோர மின்கம்பங்களில் '3 மாத கோர்ஸ், 100 சதவீத வேலை' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. குறுகிய கால பயிற்சியில் கை வேலை பழகி பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடன் வாங்கி பணம் கட்டும் முன்பு இந்த 3 கேள்விகளை கேளுங்கள்:

1. சான்றிதழ் கொடுப்பது யார்? அரசா, அந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுப்பதா?

2. ஐ.டி.ஐ. என்று சொன்னால், நீங்கள் சேரும் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? நிறுவனத்துக்கு இருந்தால் மட்டும் போதாது.

3. கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா? பாதியில் நின்றால் ஒரிஜினல் மார்க் ஷீட்டை திருப்பித் தருவார்களா?

சமுதாயக் கல்லூரியில் சேருபவர்களும் இதையே கேட்கலாம். பள்ளிப்படிப்பை விட்டவர்களுக்கு தொழில் கற்றுத்தரும் இந்த கல்லூரிகள் தமிழகத்தில் 1990-களிலேயே தொடங்கியவை. சான்றிதழ் எந்த பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்று பார்த்துச் சேருங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது?

10-ம் வகுப்பு ரிசல்ட் வரும் நேரத்தில்தான் ஐ.டி.ஐ. விண்ணப்பமும் ஆன்லைனில் தொடங்கும். மார்க் ஷீட், டி.சி., ஜாதி சான்றிதழ், ஆதார், போட்டோ தயாராக வைத்திருங்கள். ஆன்லைன் தெரியாவிட்டால் நேராக அரசு ஐ.டி.ஐ.க்கே போனால் உதவுவார்கள்.

ரிசல்ட் அன்று பையனை திட்டித் தீர்க்கும் பெற்றோர், மறுநாள் காலையில் அவனை ஐ.டி.ஐ. வாசலுக்கு கூட்டிப் போகலாம். எஸ்டேட் கேட்டில் தொங்கும் போர்டு அவனுக்காகவும்தான்.