மலைமேல் ஒரு கம்ப்யூட்டர் வைத்தியர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் பெட்டியில் வந்துவிடும். பெட்டியில் வராத ஒன்றை அவர்கள் குடும்பத்திலேயே தேடிக் கொள்வார்கள். "இவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறேன். 2003-ல் லாட்ஜுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொட்ட முதல் ஆள் நான். அன்றிலிருந்து சொந்தத்தில் 7 வீடுகளுக்கு நான் வைத்தியன். பூம்பாறையில் சித்தப்பா, பண்ணைக்காட்டில் பெரியம்மா, பெருமாள்மலையில் மாமா, அடிவாரத்தில் வத்தலக்குண்டில் அத்தை என்று ஆளுக்கொரு திசை. ஃபீஸ் கிடையாது. பூம்பாறை போனால் மலைப்பூண்டு, பண்ணைக்காடு போனால் ஒரு சீப்பு மலைவாழை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உயர்நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு, கீழ்நாட்டுச் சொந்தங்களுக்கு இ-பாஸ் எடுத்துத் தருவதும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது!

ஒரு வீட்டுக்குப் போய்வர அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்தால் ஒரு நாள். அதனால் பாதி வைத்தியம் போனிலேயே நடக்கிறது.

"ஓடலை" என்றால் என்ன?

பெரியம்மா போன் செய்வார். "தம்பி, கம்ப்யூட்டர் ஓடலைப்பா."

இந்த ஒரு வார்த்தைக்கு ஐந்தாறு அர்த்தம் உண்டு. எனவே நான் ஒரே வரிசையில் கேட்பேன். "பெரியம்மா, பெட்டியில லைட்டு எரியுதா? ஃபேன் சத்தம் கேக்குதா? மானிட்டர்ல ஏதாவது எழுத்து தெரியுதா? அதை அப்படியே படிங்க." லைட்டே இல்லை என்றால் கரண்ட் பிரச்னை: பிளக், யு.பி.எஸ்., சுவிட்ச். ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வருகிறது என்றால், மானிட்டருக்குப் போகும் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டச் சொல்வேன். விண்டோஸ் வரை வந்து நின்றுவிட்டது என்றால் அது வேறு கதை.

உங்கள் வீட்டு வைத்தியரைக் கூப்பிடும் முன் மூன்று விஷயங்களைத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். திரையில் உள்ள வாசகம், எழுத்துப் பிசகாமல். கடைசியாக ஒழுங்காக வேலை செய்தது எப்போது. அதன் பிறகு புதிதாக என்ன செய்தீர்கள், எதைச் செருகினீர்கள், எதை இன்ஸ்டால் செய்தீர்கள். "நான் ஒண்ணுமே செய்யலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களை யாரும் அடிக்கப் போவதில்லை. திரையை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

ஒருமுறை பெரியம்மா பதறிவிட்டார். பல வருடங்களுக்கு முன் டைப் செய்து வைத்த கோயில் வரவு செலவுக் கணக்கைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழே இல்லை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகக் கன்னாபின்னாவென்று இருக்கிறது. "வைரஸ் வந்துருச்சு" என்று முடிவே கட்டிவிட்டார். வைரஸ் இல்லை. பைல் பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது அப்படித்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டதும் கணக்கு வந்துவிட்டது. பிறகு பைலை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். உங்களிடமும் பழைய தமிழ் பைல்கள் இருந்தால் இப்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

பனியும் இடியும்

மலையில் கம்ப்யூட்டருக்கு வருகிற நோய்கள் கொஞ்சம் வேறு. முதல் எதிரி ஈரம். மதியம் மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதுதான் இங்கே பெரிய தப்பு. தினமும் அரை மணி நேரமாவது ஓடட்டும்; அதன் சூடே ஈரத்தை விரட்டும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் இரவு முழுக்கக் காரில் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை நேராக அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டு வந்தால் உள்ளே நீர் கோத்துக் கொள்ளும். பையிலேயே ஓரிரு மணி நேரம் இருக்கட்டும். பிறகு ஆன் செய்யுங்கள்.

இடிக்கு ஒரே மருந்து பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை ஆஃப் செய்வது போதாது. மோடத்துக்கு வரும் டெலிபோன் வயர் அல்லது செம்புக் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். அந்த வழியாகவும் மின்னல் வரும்.

பெருமாள்மலை மாமாவுக்கு ஒரு சந்தேகம். "மாப்ளே, இவ்வளவு உசரத்துல ஹார்ட் டிஸ்க் தாங்குமா?" என்றார். சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி! சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே எழுதிப் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடுவதில்லை. மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். அதனால்தான் பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயரம் 3,048 மீட்டர் வரை என்று வரம்பு போட்டிருப்பார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். கவலை இல்லை.

உயரம் கொல்லாவிட்டாலும் வயது கொல்லும். 2006-ல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த போட்டோக்கள் சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. நீலப் பூவுக்கு நடுவே தாத்தா கம்பளி போர்த்தி நிற்கிறார். 2018-ல் அடுத்த முறை பூத்தபோது தாத்தா இல்லை. அந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் "கட்... கட்..." என்று சத்தம் போட ஆரம்பித்தது. உடனே ஆஃப் செய்யச் சொன்னேன். அந்தச் சத்தத்தோடு ஓட விட்டால், மீட்க முடிவதும் மீட்க முடியாமல் போகும். ஆனால் அதை மீட்கும் செலவே எங்களுக்கு வரவில்லை. வத்தலக்குண்டு அத்தை வீட்டு பீரோவில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் அதே போட்டோக்கள் இருந்தன. வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்குக் காப்பி எடுத்து மாற்றி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஒரு காப்பி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது, ஒரே வீட்டில் இரண்டு காப்பி வைத்திருந்தால் என்ன பயன் என்று எல்லோருக்குமே புரிந்தது.

எங்கள் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். பழையவை எல்லாம் கண்ணாடித் தகடும் ஃபிலிமும். இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை டிஜிட்டலாக மாற்றியதால், இன்று கம்ப்யூட்டரிலேயே எடுத்துப் பார்க்க முடிகிறது. சூரியனுக்கே காப்பி எடுத்து வைக்கிறார்கள், தாத்தாவுக்கு எடுக்க மாட்டோமா!

வீட்டுக்குள் வரும் வேறு கை

போனில் சொல்லித் தீராத நோய்க்கு ரிமோட் வைத்தியம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-லேயே "ரிமோட் அசிஸ்டன்ஸ்" இருந்தது. பிறகு விண்டோஸ் 10-ல் "குயிக் அசிஸ்ட்" வந்தது. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவுபவர் தன் பக்கத்தில் ஒரு கோடு எடுத்துச் சொல்வார். அதை நீங்கள் டைப் செய்து அனுமதித்தால் உங்கள் திரை அவருக்குத் தெரியும். மவுஸை அவர் கையில் கொடுக்க இன்னொரு முறை அனுமதி தர வேண்டும். கொடையில் உட்கார்ந்து கொண்டே பண்ணைக்காட்டு பிரிண்டரைச் சரி செய்திருக்கிறேன். அருமையான வசதி.

இந்த வசதியே திருடனுக்கும் வசதி. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் போன்ற ரிமோட் அப்ளிகேஷனை போனில் போட வைத்து, அதன் வழியாகக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்கிறார்கள் என்றது அந்த எச்சரிக்கை. அப்ளிகேஷன் மேல் குற்றமில்லை; கோடு யாரிடம் போகிறது என்பதில்தான் விஷயம்.

சித்தப்பாவுக்கு அது நேரில் நடந்தது. பூண்டு விற்ற பணம் பேங்க்கில் இருந்த வாரம். அடுத்த நடவுக்கு விதைப்பூண்டு வாங்க வேண்டிய பணம் அது. ஏதோ பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், "உங்கள் கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டது" என்று ஒரு வாசகம், கீழே ஒரு போன் நம்பர். சித்தப்பா அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். எதிர்முனையில் மரியாதையான குரல், நல்ல தமிழ், "ஐயா, பயப்படாதீங்க." ஒரு அப்ளிகேஷனை இறக்கச் சொன்னான், சித்தப்பா இறக்கினார். நம்பரைப் படிக்கச் சொன்னான்; படித்தார். மவுஸ் தானாக நகர்ந்தது. வைரஸ் பட்டியல் என்று எதையோ காட்டினான். அதுவரை சித்தப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால், நானும் இதே மாதிரிதான் மவுஸை நகர்த்துவேன்!

அடுத்ததாக, "பேங்க் சைட்டைத் திறங்க ஐயா, பணம் பத்திரமா இருக்கான்னு பார்த்துடுவோம்" என்றான். அங்கேதான் சித்தப்பா நின்றார். எங்கள் 7 வீடுகளிலும் மானிட்டர் ஓரத்தில் நான் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "உதவ வந்தவன் பேங்க்கைத் திறக்கச் சொன்னால் அவன் நம்ம ஆள் இல்லை. வயரைப் பிடுங்கு." சித்தப்பா வயரைப் பிடுங்கினார். பிறகு எனக்குப் போன். "டேய், ஒருத்தன் உள்ள வந்துட்டான்டா. பிடுங்கி விட்டுட்டேன். இனி என்ன செய்ய?"

"பிடுங்கினது பிடுங்கினதாவே இருக்கட்டும் சித்தப்பா. முதல்ல பேங்க்குக்குப் போன் போடுங்க. பாஸ்புக்குல இருக்கற நம்பர்." வேறொரு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றினோம். மறுநாள் நான் போய், தேவையான பைல்களை மட்டும் எடுத்துக் கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அவன் எதை விட்டுவிட்டுப் போனான் என்று தேடிக் கொண்டிருப்பதைவிட அது மேல். ஒரு ரூபாயும் போகவில்லை.

இந்தச் சிவப்புத் திரை உங்களுக்கும் வரலாம். அது வெறும் வெப் பக்கம்தான். ஆல்ட் + எப்4 அழுத்துங்கள். மூடவில்லை என்றால் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைக் கொண்டு வரட்டுமா" என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாப்டின் நிஜமான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நம்பர் இருந்தால் அது போலி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சாவி யாரிடம்?

சொந்தக்காரர்கள் என்னிடம் பாஸ்வேர்டைச் சொல்ல வருவார்கள். "நீயே வச்சுக்கப்பா, எனக்கு மறந்துரும்." நான் வாங்குவதில்லை. டைப் செய்யும்போது வேறு பக்கம் திரும்பிக் கொள்வேன். இது நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் சந்தேகம் முதலில் யார் மேல் வரும்? ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்வேன். மானிட்டரில் ஒட்டக் கூடாது. நோட்டில் எழுதுவது தவறு என்று சிலர் சொல்வார்கள். எங்கோ இருந்து போன் போடும் திருடனால் பூம்பாறை வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாது. நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது அவசியம். குடும்பத் தலைவர் திடீரென்று இறந்து, இன்சூரன்ஸ் விவரம் அவர் மெயிலுக்குள் மாட்டிக் கொண்டு, மாதக்கணக்கில் அலைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் "இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்" வசதியைப் பாருங்கள். 2013-ல் கூகுள் கொண்டு வந்தது. கணக்கை நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் வரை பயன்படுத்தாவிட்டால், நீங்கள் சொல்லி வைத்த நபருக்குத் தகவல் போகும்.

இப்போது என் கையில் இருக்கும் வேலை பெரியம்மாவின் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. பெரியம்மாவின் பெட்டியில் டிபிஎம் 2.0 இல்லாததால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. புதுசு வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். "நல்லா ஓடுற பெட்டியை எதுக்குத் தூக்கிப் போடணும்" என்கிறார் பெரியம்மா. எனக்கும் அதே எண்ணம்தான். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி வைத்திருக்கிறேன். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் உருவிவிட்டால் பழையபடி விண்டோஸ் வரும். கோயில் கணக்கு, மெயில், பேத்தியோடு வீடியோ பேச்சு, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: தமிழ்99 கீபோர்டு இருக்க வேண்டும். இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பண்ணைக்காடு கிளம்புகிறேன்.