குத்தாலத்தில் கோதுமையில்லாக் காலை

முதலில் ஒரு விளக்கம். நான் இருப்பது அருவி கொட்டுகிற குற்றாலம் இல்லை. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். சுற்றிலும் நெல் வயல். இந்த ஊர்க்காரனுக்குக் கோதுமை ஆகாத நோய் வந்தால் என்ன பெரிய கஷ்டம், இட்லியும் சோறும் சாப்பிட்டுட்டுப் போகவேண்டியதுதானே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சீலியாக் நோய் என்று உறுதியாகி, ஒன்பது மாதம் சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எதையும் தொடாமல் இருந்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி அளவு பாதிகூட இறங்கவில்லை. ஹீமோகுளோபின் ஒன்பதிலேயே நின்றது. எலும்பும் மெலிந்திருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியாம எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுது. முதல்ல காலைச் சாப்பாட்டப் பாருங்க."

அந்த "எங்கிருந்தோ" எங்கே என்று நான்கு மாதம் தேடிய குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் ஒருவகைப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் குளூட்டன். சப்பாத்தி மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வது இதனால்தான். சீலியாக் உள்ளவர்களின் உடம்பு இதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. சண்டை நடக்கிற இடம் சிறுகுடல். அங்கே சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் ஒழுங்காக உடம்பில் ஒட்டாது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு எடை குறைவு. என்னைப் போன்ற சிலருக்கு எத்தனை மாத்திரை போட்டாலும் தீராத ரத்தசோகை மட்டும்தான். இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை முழுசாக விடுவது ஒன்றே வழி.

கோதுமைதான் காரணம் என்று தெரிந்ததே ஒரு பஞ்சத்தால். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடும்போது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. ஏற்கெனவே கோதுமை மேல் சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு இது பெரிய ஆதாரமாக அமைந்தது. 1950ல் அதைத் தன் ஆய்வேடாக எழுதினார்.

நம்ம பக்கம் இது ஏன் அபூர்வம்?

"நம்ம ஊர்ல யாருக்குமே இல்லாத நோய் உனக்கு மட்டும் எப்பிடிடா?" என்று அம்மா கேட்டதற்கு, 2016ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜியில் வந்த ஓர் இந்திய ஆய்வில் பதில் இருக்கிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். நோய்க்கான ஆன்டிபாடி வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கே 0.10 சதவீதம்தான்.

சரி, நம்ம மரபணு வேறயோ என்று தோன்றும். இல்லை. இந்த நோய்க்கு அவசியமான எச்.எல்.ஏ. மரபணு வகைகள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். கிட்டத்தட்ட சமம். பெரிய வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

இந்த எண்களைப் பார்த்ததும் என் கதை ஓரளவு புரிந்தது. ஆறு வருஷம் டெல்லிப் பக்கம் வேலை. ரெண்டு வேளையும் ரொட்டி. உடம்பில் விதை இருந்திருக்கிறது, அங்கே தண்ணீர் கிடைத்துவிட்டது. ஒரு ஆளின் கதையை வைத்து இதை நிரூபிக்க முடியாது, ஆனால் பொருந்துகிறது.

இன்னொன்றும் தோன்றியது. டெல்டாவில் மதியமும் ராத்திரியும் இன்றும் அரிசிதான். கோதுமை நுழைகிற வாசல் காலை வேளை. ரவா உப்புமா, சேமியா, பூரி, அவசரத்துக்கு பிரெட். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ல் நம்ம பக்கத்துத் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க விரிவானது. பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டியதில்லை. அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவையில் செய்த உப்புமாவும் கிச்சடியும் உண்டு. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது ஒத்துக்கொள்ளாது என்றாலும், வளராமலே இருக்கிற, ரத்தசோகை தீராத அந்த ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது டீச்சருக்கும் டாக்டருக்கும் இந்த நோயின் பெயர் ஞாபகம் வரவேண்டும்.

சந்தேகப் பட்டியல்

நோட்டில் ஒரு வாரக் காலைச் சாப்பாட்டை எழுதி, ஒவ்வொன்றாக அலசினேன்.

கார்ன்ஃபிளேக்ஸ்: சோளம்தானே என்று பாலில் போட்டுத் தின்றுகொண்டிருந்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மூன்றாவதோ நாலாவதோ பொருளாக "மால்ட் எக்ஸ்ட்ராக்ட்" என்று இருந்தது. மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. ருசிக்காகச் சேர்ப்பது. மக்காச்சோளத்தில் குளூட்டன் இல்லை, ஆனால் பெட்டிக்குள் இருக்கிறது. ஹார்லிக்ஸ் மாதிரியான மால்ட் பானங்களும் இதே கணக்கு. அதில் பார்லியோடு கோதுமையும் சேரும்.

ஓட்ஸ்: ஓட்ஸில் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலிருந்து ஆலை வரைக்கும் கோதுமை, பார்லியோடு சேர்ந்தே பயணம் செய்கிற தானியம் அது. குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற பாக்கெட்டாக இருந்தால்தான் யோசிக்கலாம். அதிலும் சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாது. குடல் தேறும் வரை நான் தொடவில்லை.

சத்துமாவுக் கஞ்சி: நம்ம ஊர் சீரியல் இதுதான். பல வீடுகளில் கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலையோடு சம்பா கோதுமையும் பார்லியும் ஒரு பிடி விழும். அத்தை வீட்டிலிருந்து வந்த டப்பாவில் ரெண்டுமே இருந்தது.

கேழ்வரகு சேமியா: பெயரில் கேழ்வரகு, பொருள் பட்டியலில் கோதுமை மாவு. சிறுதானிய நூடுல்ஸும் பெரும்பாலும் இப்படித்தான். முன்பக்கப் படத்தை நம்பாதீங்க, பின்பக்கத்தைப் படிங்க.

பெருங்காயம்: இது என்னை உட்கார வைத்துவிட்டது. கடையில் கிடைக்கும் பெருங்காயம் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோந்தும் மாவும் கலந்தது. அந்த மாவு பெரும்பாலும் மைதா. பொடியில் மட்டுமல்ல, கட்டியிலும் உண்டு. வெண்பொங்கல், சாம்பார், இட்லிப்பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் இருக்கிறதே!

"ஒரு சிட்டிகைப் பெருங்காயம் என்னடா பண்ணிடும்?" என்றார் அம்மா. கோபம் இல்லை, வருத்தம். முப்பது வருஷமாக ஊட்டி வளர்த்த கைப்பக்குவத்தையே குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. அதனால் நியாயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கணக்கு

உலக அளவில் கோடெக்ஸ் தரமும், இந்தியாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதியும் சொல்வது ஒன்றே: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் "குளூட்டன் இல்லாதது" என்று போடக்கூடாது. இன்னொரு எண்ணும் வேண்டும். 2007ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தினமும் 50 மி.கி. குளூட்டன் வீதம் 90 நாள் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் கெட்டன. கோதுமை மாவில் எடையில் சுமார் 8 சதவீதம் குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், 50 மி.கி. என்பது வெறும் 0.6 கிராம் மாவு.

இப்போது பெருங்காயம். சிட்டிகை கால் கிராம், அதில் பாதி மைதா என்றால் 125 மி.கி. மாவு. அதில் குளூட்டன் 10 மி.கி. நாலு பேர் சாப்பிடும் சாம்பாரில் என் பங்கு இரண்டரை மி.கி. ஆக அம்மா சொன்னது முழுசாகத் தப்பில்லை. தினம் மூன்று பதார்த்தத்தில் சேர்ந்தால் கூடும், மாற்று சுலபமாகக் கிடைக்கும்போது விட்டுவிடுவதே நல்லது. ஆனால் என் ரத்தத்தில் எண் இறங்காததற்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் பெரிய கள்ளன் யார்? நோட்டை மறுபடி புரட்டினேன். வாரத்தில் நாலு நாள் இடியாப்பம், புட்டு, கேழ்வரகு அடை. மாவு எல்லாம் தெரு முனை மாவு மில்லில் அரைத்தது.

மறுநாள் அரிசியோடு போய் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா அஞ்சு கிலோ கோதுமை அரைத்தார். அது முடிந்ததும் அதே வாயில் என் அரிசி. முதலில் வந்த மாவு லேசான பழுப்பு. "அது முன்னாடி அரைச்சது தம்பி, கொஞ்சம் ஒட்டியிருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், கலந்துக்குங்க" என்றார் மில்காரர். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. காலங்காலமாக மில் அப்படித்தான் ஓடுகிறது.

ஒட்டியிருந்தது 50 கிராம் என்று வைப்போம். அதில் 4 கிராம் குளூட்டன், அதாவது 4,000 மி.கி. என் ரெண்டு கிலோ மாவில் அது கலந்தால் கிலோவுக்கு 2,000 மி.கி. அனுமதித்த அளவைப்போல 100 மடங்கு. அதில் 100 கிராம் மாவில் இடியாப்பம் பிழிந்தால் 200 மி.கி. குடலைக் கெடுத்த அந்த 50ஐப்போல நாலு பங்கு. சுத்தமான அரிசி, சுத்தமான கேழ்வரகு, ஆனால் ஒன்பது மாதமாக நான் கோதுமை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இது நம்ம ஊர் மில்லின் பிரச்சினை மட்டும் இல்லை. 2010ல் அமெரிக்காவில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்கள், மாவுகள் 22 மாதிரிகளைச் சோதித்ததில் 7 மாதிரிகள் 20 பிபிஎம்மைத் தாண்டியிருந்தன. தானியம் எது என்பதோடு, அது எந்த வழியாக வந்தது என்பதும் முக்கியம்.

இப்போது என் வீட்டு முறை

ஒரே விதிதான்: முழுத் தானியமாக வாங்கு, பொறுக்கு, கழுவு, வீட்டில் அரை. மாவாக எதையும் வாங்குவதில்லை, சான்று இருந்தால் தவிர.

இட்லி, தோசைக்கு எப்போதும் போல வீட்டுக் கிரைண்டர். உளுந்தைத் தட்டில் பரப்பிப் பொறுக்குகிறோம். ரெண்டு தடவை கோதுமை மணி சிக்கியிருக்கிறது.

புட்டு, இடியாப்பத்துக்கு ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி, எனக்கென்று வைத்திருக்கும் மிக்ஸி ஜாரில் அரைத்து, தனிச் சல்லடையில் சலிக்கிறோம். வேலை அதிகம்தான். வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகச் செய்துவிடுகிறேன்.

அவசரக் காலைக்கு அவல். பாலும் வெல்லமும் போட்டால் கார்ன்ஃபிளேக்ஸ் ஞாபகமே வராது. ஆனால் மூட்டையில் திறந்து வைத்து, ரவை அள்ளிய அதே கரண்டியால் அள்ளிப் போடும் கடையில் வாங்குவதில்லை.

கேழ்வரகை விடவில்லை. 100 கிராமில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கும் தானியம், எலும்பு மெலிந்தவனுக்கு அது வேண்டும். கழுவி, முளைகட்டி, வீட்டிலேயே அரைத்துக் கூழ்.

வெயில் காலத்தில் பழையது, சின்ன வெங்காயம். ஊறுகாய் அம்மா தனியாகப் போட்டது.

தோசைக்கல் எனக்கு வேறு. ஓட்டலில் ரவா தோசையும் பரோட்டாவும் புரண்ட கல்லில் சாதாத் தோசைகூடச் சாப்பிடுவதில்லை. மைதா போண்டா பொரித்த எண்ணெயில் வடையும் வேண்டாம்.

பெருங்காயத்துக்கு அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது, அட்டை பார்த்து வாங்கினேன். அது வருவதற்கு முன் ஒரு மாதம் அம்மா பொங்கலில் இஞ்சியையும் மிளகையும் கூடப் போட்டுச் சமாளித்தார்.

சந்தேகம் உள்ளவர்களுக்கு

நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். சீலியாக் இருக்குமோ என்று தோன்றினால், பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீங்க. நிறுத்தினால் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியில் எடுக்கும் குடல் திசுவும் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். என் தங்கைக்குப் பார்த்தோம், இல்லை.

மில்லை விட்டு ஏழு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஆன்டிபாடி கிட்டத்தட்ட இயல்பு அளவுக்கு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 11.8. ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்குப் பொங்கல் பண்றேன், புதுப் பெருங்காயம் இருக்கு" என்றார்.