மேற்கு ஜன்னலும் மின்கட்டணமும்

மேற்குப் பார்த்த கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிற்பகல் மூன்று மணி ஆனதும் கடை வாசலில் படுதாவை இறக்கிவிடுவார்கள். வெயில் பட்டால் சோப்பின் மணம் போய்விடும், பிஸ்கட் பொட்டலம் நிறம் வெளுக்கும், மிட்டாய் இளகும். சரக்கு கெட்டால் முதல் போய்விடும் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் அதே கடைக்கு மேலே, மாடியில் இருக்கும் நம் வீட்டு ஜன்னலைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கும் அதே வெயில்தான் அடிக்கிறது. அதன் விலையை மின்கட்டணமாக நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு படியைத் தாண்டினால் யூனிட் விலை ஏறிவிடும் மின்கட்டண முறையில், வீணாகும் யூனிட்டுகள்தான் அதிக விலைக்கு வருகின்றன.

இந்த நேரத்தில்தான் வண்ண அட்டையோடு விற்பனையாளர் வருகிறார். "பழைய மர ஜன்னலை எடுத்துவிடுங்கள், இரட்டைக் கண்ணாடி போட்ட புது ஜன்னல் வையுங்கள், கரண்ட் பில் பாதியாகிவிடும்" என்கிறார். கையெழுத்துப் போடும் முன் வணிகராகிய நாம் செய்ய வேண்டியது கணக்குப் பார்ப்பது.

வெப்பம் வரும் மூன்று வழிகள்

ஒரு ஜன்னல் வழியாக வெப்பம் மூன்று விதமாக உள்ளே வருகிறது. ஒன்று, கண்ணாடியை ஊடுருவி வரும் நேர் வெயில். இரண்டு, வெளியே சூடு, உள்ளே குளிர்ச்சி என்பதால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம். மூன்று, கதவு இடுக்குகளில் நுழையும் காற்று.

நாலடி அகலம், ஐந்தடி உயரமுள்ள மேற்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி, தன் மேல் படும் சூரிய வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். கோடைப் பிற்பகலில் இந்த ஒரு ஜன்னல் வழியே ஏறத்தாழ 750 வாட் வெப்பம் வரும். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஐந்தில் ஒரு பங்கை ஒரு ஜன்னலே தின்றுவிடுகிறது.

கடத்தல் வழியே வருவது எவ்வளவு? வெளியே 38 டிகிரி, அறையில் 24 டிகிரி என்றால் சுமார் 150 வாட். இரட்டைக் கண்ணாடி இதைப் பாதியாக, சுமார் 75 வாட்டாகக் குறைக்கும். ஆனால் நிறமோ பூச்சோ இல்லாத வெறும் இரட்டைக் கண்ணாடி அந்த 750 வாட் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது.

குளிர் நாட்டு வீடுகளில் அறைக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும். அங்கே இரட்டைக் கண்ணாடிக்கு முழுப் பலன் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் வணிகர்களுக்கும் இது பொருந்தும். சமவெளியில் இருக்கும் நமக்கு முதல் எதிரி வெயில்தான்.

தட்டி வெளியே இருக்க வேண்டும்

ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். உச்சி வெயிலுக்கு அது உதவும். மாலை வெயில் தாழ்வாக, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வருகிறது. உள்ளே தொங்கும் திரைச்சீலையும் போதாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் திரையைச் சூடாக்கி அறையிலேயே தங்கிவிடும். கடைப் படுதாவை நாம் சரக்குக்குப் பின்னால் கட்டுவதில்லை அல்லவா? அதுபோல ஜன்னலுக்கும் மறைப்பு வெளியில்தான் வேண்டும். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, பழைய வீடுகளில் இருக்கும் சாய்பலகை வைத்த மரக்கதவு எல்லாம் இந்த வேலையைத்தான் செய்தன.

ஊதுவத்திச் சோதனை

அடுத்தது இடுக்கு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மரக்கதவு சில ஆண்டுகளில் சட்டத்தோடு சரியாகப் பொருந்தாது. மேலே சொன்ன ஜன்னலின் சுற்றளவு 18 அடி. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், அது சுவரில் ஐந்து அங்குலச் சதுரத்தில் ஓட்டை போட்டதற்குச் சமம்! கடலோர ஊர்களில் அந்தக் காற்றோடு ஈரமும் வரும். அதைத் தண்ணீராக்கி வெளியேற்றவும் ஏ.சி. உழைக்க வேண்டும்.

காற்றடிக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரமாக ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே கலைகிறதோ அங்கே இடுக்கு. இன்னொரு வழி: காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள். இழுத்தால் தாராளமாக வந்துவிட்டால் கதவு பொருந்தவில்லை. கீலையும் கொண்டியையும் தச்சரிடம் சரிசெய்து, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

வரவும் செலவும்

750 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டேகால் யூனிட் வெப்பம். ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக நாளுக்கு முக்கால் யூனிட் மின்சாரம். தட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்தால் அரை யூனிட் மிச்சம். 100 நாள் கோடைக்கு 50 யூனிட். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 450 ரூபாய். தட்டியின் விலை இரண்டு மூன்று கோடையில் திரும்பிவிடும்.

அதே ஜன்னலுக்கு 20,000 ரூபாய் செலவிட்டுப் புதியது வைத்தால், இந்த வகையில் முதல் திரும்ப 44 கோடை ஆகும். இடுக்கு அடைபட்ட ஆதாயத்தையும் சேர்த்து மிச்சத்தை இரட்டிப்பாக்கினாலும் 22 ஆண்டு. அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை வணிகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

மரம் கரையான் அரித்துவிட்டது, மழை உள்ளே வருகிறது, புது வீடு கட்டுகிறோம், நாள் முழுதும் ஏ.சி. ஓடுகிறது என்றால் புது ஜன்னல் சரியே. அப்போது மூன்றைக் கேளுங்கள்.

1. கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. எண் என்ன? சூரிய வெப்பம் எவ்வளவு நுழையும் என்பதைக் காட்டும் எண் இது. சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகள் 0.4-க்கும் கீழே கிடைக்கின்றன. எண் குறையக் குறைய நமக்கு நல்லது.

2. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை முழுமையாக இருக்கிறதா? சறுக்குக் கதவைவிடத் திறந்து மூடும் கதவே இறுக்கமாகப் பொருந்தும்.

3. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கை யார் அடைப்பது? இதையும் உத்தரவாதத்தையும் ரசீதோடு எழுத்தில் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: சமையலறையையும், கேஸ் கீஸர் உள்ள குளியலறையையும் ஒருபோதும் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. நச்சுக் காற்று தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். மற்ற அறைகளிலும் வெயில் தாழ்ந்து வெளியே குளிர்ந்த பின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வாசலில் படுதா இறக்கும் கை, மாடியில் ஒரு தட்டியையும் இறக்கட்டும். முதலில் மறைப்பு, அடுத்து இடுக்கு, கடைசியில்தான் புது ஜன்னல். இந்த வரிசை மாறினால் லாபம் விற்றவருக்கு, செலவு நமக்கு.