ஒன்பது மாதக் கணக்கு

பிளஸ் டூ மதிப்பெண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், ஆட்டத்தில் சாதித்த சான்றிதழ் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் கிடைக்க வழியுண்டு. திண்டுக்கல் பக்கம் கால்பந்து ஆடும் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு, விடுதி, பிற்பாடு காவல்துறையிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை என்று நீளும் கனவெல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது. சேர்ந்த முதல் வருடமே முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டால்? பயிற்சியாளர் கேட்பார், கூட ஆடியவர்கள் கேட்பார்கள், டீக்கடையில் முகம் தெரியாதவரும் கேட்பார்: "எப்ப தம்பி திரும்ப இறங்குவே?"

பதில் சொல்லவேண்டியது முழங்காலுக்குள் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு தசைநார். தொடையெலும்பையும் அதன் கீழுள்ள கால் எலும்பையும் உள்ளிருந்து குறுக்காகக் கட்டிவைத்திருப்பது அது. மருத்துவர்கள் ஏசிஎல் என்பார்கள். கீழெலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி அளவுக்கு மேல் திருகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இளம் வயதினரின் ஏசிஎல்லைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, அறுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

இத்தனை உறுதியானது எப்படிக் கிழிகிறது? எதிரணி ஆள் மோதியிருப்பான் என்றுதான் பார்க்காதவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். வேகமாக ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, அல்லது தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது, பாதம் தரையைப் பிடித்துக்கொள்ள, முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து திருகும். ஆட்டங்களின் வீடியோக்களை அலசியவர்கள், கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடியில் எல்லாம் முடிந்துவிடுவதாகக் கணித்தார்கள். சுதாரித்துக்கொள்ள அந்த நேரம் போதாது.

பாதம் தரையைப் பிடிப்பதில் மைதானத்துக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஏசிஎல் காயங்களை மழைக் கணக்கோடு ஒப்பிட்டு 1999 இல் வெளிவந்த ஆய்வொன்று, மழை குறைந்து, ஆவியாதல் கூடிக் காய்ந்துபோன மைதானங்களில் இந்தக் காயம் அதிகம் என்று காட்டியது. கெட்டித் தரையில் ஓட்டம் வேகமாகும், பூட்ஸின் பிடியும் கூடும். சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவிலிருக்கும் நம் சமவெளியில் மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. பள்ளி விடுமுறைக்காக ஏப்ரல், மே மாதத்தில் போட்டி வைக்கிறவர்கள், செம்மண் பாறையாக இறுகியிருக்கும் நேரத்தில் வைக்கிறார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு டேங்கர் தண்ணீர் அடித்தால் புழுதி அடங்கும். முட்டிக்கும் அது நல்லதாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

கிழிந்த சில மணி நேரத்தில் முட்டி வீங்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ரத்தம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர் எந்த ஊரிலும் இருக்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் போகாதிருப்பது நலம். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடை சரியாகும்போது இன்னொரு ஏமாற்று நடக்கும். நேராக நடக்க ஏசிஎல் அவ்வளவாக வேண்டியதில்லை. திரும்பும்போதுதான் முட்டி நழுவும். அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்க வாய்ப்புண்டு. ஆகவே "சும்மா ஒரு ஹாஃப் ஆடிப் பார்க்கிறேன்" என்பது விலை அதிகமான சோதனை. மருத்துவர் முட்டியை லேசாக மடக்கிப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கும் பரிசோதனையும், எம்ஆர்ஐயும் சேர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கிழிந்த ஏசிஎல்லை அப்படியே தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை. உடலில் வேறிடத்திலிருந்து நாரெடுத்துப் புதிதாகக் கட்டலாம் என்று 1917 இலேயே பிரிட்டனின் ஹே குரோவ்ஸ் செய்து காட்டினார். இன்று தொடையின் பின்பக்கத் தசைநாண்களையோ, முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள நாணின் ஒரு பகுதியையோ எடுத்து, எலும்பில் துளையிட்டு, சிறு கேமராவின் உதவியோடு பொருத்துகிறார்கள். வழக்கமான, பெரும்பாலும் பத்திரமான அறுவை இது.

'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 நவம்பர் 7 அன்று சென்னை ராணி மேரிக் கல்லூரியில் முதலாண்டு படித்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு அரசு மருத்துவமனை ஒன்றில் முழங்கால் ஜவ்வு அறுவை நடந்தது. அதன்பின் போட்ட அழுத்தக் கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டதாக அமைச்சர் மா. சுப்பிரமணியன் பின்னர் சொன்னார். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு மாற்றியும் காலைக் காப்பாற்ற முடியவில்லை, அகற்றினார்கள். அதற்குப் பிறகும் திரும்பி வருவேன் என்று கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார் அந்தப் பெண். நவம்பர் 15 அன்று இறந்துபோனார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஒரு கட்டு எப்படி உயிரை எடுக்கும்? முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக, நீளாத உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. சாதாரணமாக உள்ளே அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள்தான். வீக்கம் உள்ளிருந்தும் கட்டு வெளியிலிருந்தும் நெருக்கினால் அது ஏறும். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணை நெருங்கும்போது நுண் ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும். ஆறு மணி நேரம் ரத்தம் போகாத தசையில் மீளாத சேதம் தொடங்கிவிடும். சாகும் தசை மயோகுளோபின் என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டும். அதைச் சமாளிக்க முடியாமல் சிறுநீரகம் செயலிழக்கும், பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும். கட்டைத் தளர்த்துவதும், அழுத்தம் இறங்காவிட்டால் உறையைக் கீறித் திறப்பதும் உரிய நேரத்தில் நடந்தால் கால் பிழைக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அண்ணனோ தெரிந்துகொள்ள வேண்டியது: வலி மாத்திரைக்கோ ஊசிக்கோ அடங்காமல் மணிக்கு மணி ஏறும் வலி, கால் விரலை யாராவது மடக்கினால் அலறவைக்கும் வலி, மரத்துப்போதல். பாதத்தில் நாடி துடிக்கிறது என்பதை வைத்து ஆறுதல் அடையக்கூடாது. இந்த நிலை முற்றும்வரை நாடி துடிக்கக்கூடும். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும், டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரை விடாமல் கேட்க வேண்டும்.

இனி, ஆட்டத்துக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டிய அந்த ஒன்பது மாதம். பொருத்திய நார் பிடுங்கி நட்ட நாற்று மாதிரி. பழைய இடத்தின் ரத்த ஓட்டத்தை இழந்து முதலில் வாடும், செல்கள் பல செத்துப்போகும். பிறகு புது ரத்தக்குழாய்கள் வந்து மெல்ல உயிர் பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் மாதவாக்கில் அது மிகவும் பலவீனமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். வலியும் வீக்கமும் போய், பையன் சைக்கிள் மிதிக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். வலி இல்லை என்பதால் ஆறிவிட்டது என்று எல்லாரும் நம்புவார்கள்.

அமெரிக்காவின் டெலவர், நார்வேயின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016 இல் வெளியிட்ட கணக்கு இப்படி: ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்தது. தகுதிச் சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டிக் காயம். தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சோதனைகளில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒற்றைக் காலில் தாவி எவ்வளவு தூரம் போகிறார், தொடைத் தசை எவ்வளவு விசை தருகிறது என்று இரண்டு காலையும் அளப்பார்கள். அடிபட்ட கால் மற்றதில் குறைந்தது 90 சதவீதமாவது வர வேண்டும்.

திரும்பி வந்தவர்கள் உண்டா? உண்டு. இந்திய வீரர் சந்தேஷ் ஜிங்கன் 2019 அக்டோபரில் கிழித்துக்கொண்டு, அந்த சீசன் முழுக்க விலகி, அடுத்த நவம்பரில் ஐஎஸ்எல்லில் இறங்கினார். ஸ்பெயினின் அலெக்சியா புதெயாஸுக்குப் பத்து மாதம் ஆனது, நெய்மாருக்கு ஒரு வருடம். ஆனால் உலகத்தரமான பிசியோதெரபிஸ்ட் கூடவே இருந்தவர்கள் அவர்கள். எல்லா வகை ஆட்டக்காரர்களையும் சேர்த்து 2014 இல் போட்ட தொகுப்புக் கணக்கில், பழைய தரத்தை எட்டியவர்கள் 65 சதவீதம், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். 25 வயதுக்குக் கீழ் திரும்பியவர்களில் நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு முட்டியில் மறுபடி கிழிகிறது. நல்ல காலும் விதிவிலக்கல்ல.

கோட்டாவில் வந்த மாணவர் அந்த வருடமே ஆடியாக வேண்டும் என்று கல்லூரி எதிர்பார்த்தால், இந்த எண்கள் அவருக்கு எதிராகத் திரும்பும். ஒரு வருடம் ஆடாவிட்டாலும் இடம் போகாது என்று சேர்க்கையின்போதே எழுதிக் கொடுப்பது எந்த மருந்தையும்விட அவரைக் காக்கும்.

கிழியாமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஃபிஃபா 2006 இல் வகுத்த 'லெவன் பிளஸ்' என்பது இருபது நிமிட வார்ம்-அப்: ஓட்டம், தொடைப் பயிற்சி, ஒற்றைக்கால் நிற்றல், குதித்து மெதுவாக இறங்கல். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் நடத்திய பெரிய சோதனையில், இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் வெகுவாகக் குறைந்தன. பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால் பள்ளிப் பெண்கள் அணியில்தான் முதலில் தொடங்க வேண்டும். ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் முட்டியும் உள்ளே சாய்கிறதா என்று பார்த்தால் போதும்.